கழற்றாத சக்கரம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிவப்புக் கார் ஒர்க்‌ஷாப் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் நட்டுகளைக் கழற்றினால் அந்தக் கார் ரிப்பேர் விளையாட்டில் ஒரு பதக்கம் கிடைக்கும். இளவழகன் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தான். ஒரே சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுக்காமலே திரும்ப முடுக்கிவிட வேண்டியதுதான். விளையாட்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

அவன் மனைவி சுகிர்தா ஆபீஸிலிருந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுததில் முகம் வீங்கியிருந்தது.

“என்னாச்சு?” என்றான், திரையைப் பார்த்தபடியே.

“ஒண்ணுமில்ல.”

“சரி.” நட்டுகளை முடுக்கினான்.

திரையைப் பார்த்தவள், “இந்த வண்டிக்கு என்னங்க கம்ப்ளெயின்ட்?” என்றாள்.

“பிரேக்ல சத்தம் வருதாம். சரிபண்ணிட்டா ஓனர் எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் வேற வண்டி ஏத்தணும், டைம் வேஸ்ட்.”

“எப்பலேர்ந்து நிக்குது?”

“தீபாவளிக்கு முன்னாடியே வந்தது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பதக்கம் வந்துவிட்டது. ‘அயராத கை’ என்று எழுத்துகள் மின்னி மறைந்தன. இனி அந்தச் சக்கரத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மறுபடி நட்டுகளைக் கழற்றி, முதல்முறையாகச் சக்கரத்தை வெளியே இழுத்தான்.

பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. இரும்போடு இரும்பு உரசி, பிரேக்கின் வட்டத்தட்டில் ஆழமாகக் கோடுகள் விழுந்திருந்தன.

சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

அவன் ‘சரி’ என்று சொல்லவில்லை.