தேங்காய்க்குத் தடை

“தேங்காயோடு உள்ளே போகக் கூடாது!”

மாதா கோயில் வாசலில் கையை விரித்து மறித்தாள் காவல்காரி ஹெல்கா.

கவிசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் படிக்கும் டோர்ட்மண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களே அவளோடு வாய் கொடுக்க யோசிப்பார்கள்.

“உள்ளே இருக்கிற அன்ரியைக் கூப்பிட வந்தேன். பத்து நிமிஷத்தில் பஸ்!” என்று ஜெர்மனில் பொரிந்தாள்.

அன்ரி மங்கையற்கரசி, தோழி சிவானுஜாவின் அம்மா. சிவானுஜாவுக்கு நாளைக் காலை தலையில் ஒப்பரேஷன். அதற்காகத்தான் அன்ரியும் கவிசாவும் ஹம் நகரிலிருந்து ரயில், பஸ் மாறி மாறி இந்த மலைப் பள்ளத்தாக்குக்கு வந்திருந்தார்கள். மாதாவுக்கு மெழுகுதிரி, கோயிலுக்குப் பின்னால், மாதாவுக்கும் முந்திய மூன்று தாய்த் தெய்வங்களின் கல்லுக்குத் தேங்காய்.

“கல்லிலும் உடைக்கக் கூடாது” என்றாள் ஹெல்கா.

“யார் போட்ட சட்டம்? இந்த மண்ணின் சனம் கும்பிட்ட கல் அது. பிறகு வந்து கோயில் கட்டியது நீங்கள்!”

“அந்தச் சனம் தேங்காயைக் கண்டதா?”

“மாதா மட்டும் ஜெர்மனியிலா பிறந்தா?”

“அட! அப்போ இங்கே ஆண்ட ரோமர்களைப் பற்றி என்ன சொல்கிறாய்?” ஹெல்கா வாசற்படியிலேயே குந்திவிட்டாள்.

கவிசா சொன்னாள். ரோமர், பிஷப்மார், அரசர்கள், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பஸ் போனதுகூடக் காதில் விழவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து அன்ரி வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது.

“தேங்காயைத் தா பிள்ளை.”

“இந்த மனிசி விடாதாம் அன்ரி. நீங்கள் பயப்பிடாதேங்கோ, நான் கதைக்கிறன்...”

திரும்பிப் பார்த்தால் ஹெல்காவைக் காணோம். வாளியும் தும்புத்தடியுமாகக் கல்லடியில் நின்று, ஈரச் சருகைத் தள்ளிவிட்டு அன்ரியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

அன்ரி அடித்த தேங்காய் சரிபாதியாய்ப் பிளந்தது.

கவிசா ஹெல்காவிடம் திரும்பினாள். “தடை என்றீர்களே?”

“தடையா? ஒவ்வொரு ஆகஸ்ட் திருவிழாவிலும் உங்கள் தமிழ் ஆட்கள் உடைக்கிற சிரட்டையை அள்ளுவதே நான்தான். வாங்கள், என் காரில் ஸ்டேஷனில் விடுகிறேன்.”

“பிறகு ஏன் என்னோடு அவ்வளவு நேரம் சண்டை பிடித்தீர்கள்?”

ஹெல்கா குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த அம்மா அப்போதுதான் அழத் தொடங்கியிருந்தார். நீ அவரைக் கூப்பிட வந்துவிட்டாய்.”