இரண்டு விரல் இடைவெளி

கழுத்துக் கட்டியை ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷமாகிவிட்டது. தங்கபுஷ்பம் போகவில்லை. கோயிலில் மந்திரித்துக் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறுதான் அவளுக்கு ஸ்கேன். கட்டிய அன்று அதற்குள் இரண்டு விரல் நுழைந்தது. பிறகு ஒரு விரல். "தண்ணி பட்டுப் பட்டுக் கயிறு சுருங்கிட்டு" என்று புருஷன் சுடலையிடம் சொல்லி, ஒவ்வொரு முறையும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிக்கொண்டாள். அவனும் தலையாட்டினான்.

இன்று எச்சில் விழுங்கும்போதே கயிறு அழுத்தியது. கண்ணாடி முன் நின்று அவிழ்த்தாள். தளர்த்தினால் முடிச்சுப் போடக் கயிறு மிச்சமில்லை.

"இங்க வாங்களேன். இதைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க."

சுடலை வந்து இரண்டு நுனிகளையும் பிடித்தான். இழுக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னான்:

"நீளமா வேற ஒண்ணு வாங்கிட்டு வாரேன்."