இரண்டு இருமல்

அப்பாவின் தலை நாற்காலியில் சாய்ந்ததுதான் தாமதம், தம்பி மனைவி ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனைத் தட்டினாள். பந்தாட்டம் போய்ப் பாட்டுப் போட்டி வந்தது.

மூத்த மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பாவை நாலு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். மனுஷர் கண்ணை மூடக்கூடாது, அவர் மேட்ச் அம்போ.

தம்பி மனைவி துவைத்த துணிகளை மடியில் போட்டு மடித்துக்கொண்டே, திரையில் பாடுகிற பெண்ணோடு தன்னை மறந்து தானும் வாய்க்குள் பாட ஆரம்பித்தாள்.

"ஏம்மா," என்றாள் மூத்தவள். பாட்டு சட்டென்று நின்றது. "அப்பா ஆசையாப் பார்த்துக்கிட்டிருந்தார்ல? கொஞ்சம் கண் அசந்தா உடனே மாத்தணுமா?"

"மாமா தூங்கறார் அண்ணி."

"அதான் கேக்கறேன். ரிமோட்டைக் கொடு. அவர் சேனலைப் போடறேன்."

தம்பி மனைவி ரிமோட்டைத் துணிக்கு அடியில் தள்ளினாள். "வேண்டாம் அண்ணி. நீங்க நம்பரை அழுத்திடுவீங்க."

"அழுத்தினா என்ன, தேஞ்சா போயிடும்?"

தம்பி மனைவி அடுத்த துணியை எடுத்து மடித்தாள். மூத்தவளின் பார்வை சுவருக்குப் போனது. அங்கே வெறும் ஆணிதான் இருந்தது.

"நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் எங்கே?"

"கழட்டி உள்ளே வச்சிருக்கேன்."

"ரிப்பேரா?"

"இல்லை அண்ணி. நல்லாத்தான் ஓடுது."

மூத்தவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "தம்பி வரட்டும், சொல்லிடறேன். நாளைக்குக் கிளம்பும்போது அப்பாவையும் என்னோட கூட்டிட்டுப் போயிடறேன். எங்க வீட்டுல அவர் டிவியை யாரும் பிடுங்க மாட்டாங்க."

தம்பி மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாற்காலியிலிருந்து ஓர் இருமல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அவள் பரபரவென்று ரிமோட்டை உருவித் தட்டினாள். பந்தாட்டம் வந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் விறுவிறுவென்று பின்னால் ஓடி, ஓரிடத்தில் நின்று, மறுபடி முன்னால் ஓடத் தொடங்கினார்கள். அப்பா காலை நீட்டி, சோம்பல் முறித்து, நிதானமாகக் கண்ணைத் திறந்தார்.

திரையில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் தடுக்கி விழுந்தான். மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா கண்ணை மூடும்போதும் இவன்தானே விழுந்தான்?

"விழுந்துட்டானா?" என்றார் அப்பா.

"இப்பத்தான் மாமா."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றார் அவர், கம்பீரமாக.

மூத்தவள் தம்பி மனைவியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "என்ன வித்தை இது?"

"வித்தை எல்லாம் இல்லை அண்ணி. டிவிக்குக் கீழே இருக்கற ரெக்கார்டர் பெட்டிக்குள்ளே, ஒரே நேரத்துல ரெண்டு சேனல் பிடிக்க ரெண்டு ட்யூனர் இருக்கு. ஒண்ணுல மாமா மேட்ச், இன்னொண்ணுல என் பாட்டு. நான் இந்தப் பக்கம் வந்தாலும், அந்தப் பக்கம் ஓடறதை அது சேர்த்து வச்சுக்கிட்டே இருக்கும். திரும்பிப் போய், பின்னால ஓட்டி, விட்ட இடத்துலேருந்து பார்க்கலாம். தெரியாம மேட்ச் பக்கத்துல நம்பரை அழுத்திச் சேனலை மாத்திட்டாத்தான், அதுவரைக்கும் சேர்த்தது அத்தனையும் போயிடும். அதான் ரிமோட்டைத் தரலை. கோவிச்சுக்காதீங்க."

"தூங்கினார்னா தூங்கினார். அதை எதுக்கு மறைக்கணும்?"

"போன மாசம் இப்படித்தான் தூங்கிட்டார். உங்க தம்பி விளையாட்டா, 'டிரைவரே தூங்கிட்டா பஸ்ஸை யார் ஓட்டறது'ன்னு சிரிச்சுட்டார். மாமா அன்னிக்குச் சாப்பிடவே வரலை." அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆயுசு பூரா பஸ் ஓட்டினவர். ஸ்டியரிங்ல ஒரு தரம்கூடக் கண் அசந்ததில்லைங்கறதுதானே அவர் பெருமை? தூங்கினதே அவருக்குத் தெரிய வேண்டாம்னு பார்த்தேன். கடிகாரம் இருந்தா காட்டிக் கொடுத்துடும்ல?"

மூத்தவள் அப்பாவுக்கான டீயைத் தானே எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு தம்பிகிட்ட எதையும் சொல்லி வைக்காதே."

"அது உங்களுக்கு எப்படி... நீங்க தூங்கலையா?"

"முதல்ல ஒரு நாள் நிஜமாத்தான் தூங்கினேன். முழிப்பு வந்தப்போ இவ பாடிக்கிட்டிருந்தா. அப்படி ஒரு குரல். நான் அசைஞ்சதும் கப்புனு நிறுத்திட்டா. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல அவ பாடி நான் கேட்டதே இல்லை. யாராவது பார்த்தா வாயைத் திறக்க மாட்டா, கூச்சம். அன்னியிலேருந்து தினமும் கண்ணை மூடிக்கிறேன்."

"அப்போ அந்த இருமல்?"

"திருப்பத்துல ஹாரன் அடிக்காம வண்டியைத் திருப்பலாமா? அவ மேட்சைப் போட வேண்டாமா?"

மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேட்சை அந்தப் பெட்டி பிடிச்சு வச்சுக்கும்," என்றார் அப்பா. "அவ பாட்டை யார் பிடிச்சு வைக்கிறது?"

தம்பி மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

"உன் பாட்டுப் போட்டி என்னம்மா ஆச்சு?" என்றாள் மூத்தவள்.

"அதுவும் அந்தப் பக்கம் பத்திரமா இருக்கும் அண்ணி. பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கறேன்."

"இப்பவே போடு."

தம்பி மனைவி பட்டனைத் தட்டிப் பின்னால் ஓட்டினாள். விட்ட இடத்திலிருந்து அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். தம்பி மனைவி துணியை மடியில் எடுத்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. பிறகு ஓரக்கண்ணால் நாத்தனாரைப் பார்த்தாள்; உதடு நின்றுவிட்டது.

மூத்தவள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். "சாப்பிட்டது கண்ணைச் சொருகுதும்மா," என்று சோபாவில் சாய்ந்து, தானும் கண்ணை மூடிக்கொண்டாள்.