பக்கத்து வீட்டுக்குத் தபால்

தபால் பெட்டியைத் திறந்த தபால்காரர் வேதாசலத்துக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

உள்ளே இருபத்து மூன்று கவர்கள். எல்லாம் ஒரே கையெழுத்து. அனுப்பியவள் காலனி மேரி. போய்ச் சேர வேண்டிய இடமும் அதே காலனி.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஒட்டாத கவர்தான். ஒன்றை எடுத்துப் பார்த்தார். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் செய்த வாழ்த்து. மடிப்பை விரித்ததும், சிவப்புத் தாளில் வெட்டிய நட்சத்திரம் நடுவில் எழுந்து நின்றது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிஷம் நடந்தால் எல்லோருக்கும் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம். அதற்கு இத்தனை நயா பைசாத் தபால் தலைகள்! களை எடுத்த கூலி மொத்தமும் இதற்கே போயிருக்கும்.

இவளுக்கு வந்த பகட்டைப் பார், புருஷன் சாமுவேல் கேட்க மாட்டானா என்று முத்திரை குத்திக்கொண்டே போஸ்ட்மாஸ்டர் அலுத்துக்கொண்டார். வேதாசலமும் அதை ஆமோதித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

காலனித் தபால்களைச் சின்னப்பையனின் மளிகைக் கடையில் கொடுத்துவிடுவது வழக்கம். அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தான். வேண்டியவர்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

போன வருஷம் சிட்டம்மாளின் மகன் பெருமாளுக்கு ரயில்வேயில் கலாசி வேலைக்கு ஆர்டர் வந்தபோதும் அங்கேதான் கொடுத்தார். வெல்ல மூட்டைக்கடியில் ஒன்பது நாள் கிடந்தது. அது அவள் கைக்குப் போனபோது, வேலையில் சேர வேண்டிய தேதி தாண்டிவிட்டது. பெருமாள் மறுபடி மனு எழுதிப் போட்டிருக்கிறான். வயசு ஏறிக்கொண்டு போகிறது, இதுதான் கடைசி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வேதாசலத்துக்கும் அது உறுத்தாமல் இல்லை. ஆனால் தப்பு கடைக்காரன் பேரில். தினம் வந்து கேட்காத சிட்டம்மாள் பேரிலும்தான்.

கடையில் கவர்களை வைத்ததும் சின்னப்பையன் ஒன்றை அமுக்கிப் பார்த்தான்.

"இது இன்னாங்க, உப்பிக்கினு கீது? மேல ஒரு சாமான் வெச்சா நசுங்கிப்பூடும். அப்பறம் இருபத்து மூணு வூடும் என் கடை முன்னால வந்து நிக்கும். நமக்கு வாணாம் சாமி."

பண்டிகைச் சரக்கு இறங்கியிருந்தது. கடையில் கால் வைக்க இடமில்லை. கவர்களைத் திரும்பக் கொண்டுபோனால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வேதாசலம் மேரியைத் திட்டி முணுமுணுத்துக்கொண்டே காலனிக்குள் இறங்கினார். பதினாறு வருஷ வேலையில் முதல் தடவை.

காக்கிச் சட்டையைக் கண்டதும் செங்கேணி மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தபால்காரர் வீடு தேடி வந்தால் சாவுத் தந்திதான் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நாலு பெண்கள் கூடினார்கள். போனது யார் என்றுகூடக் கேட்காமல் ஒருத்தி ஒப்பாரிக்குக் குரலெடுத்தாள்.

வேதாசலம் அவசரமாகக் கவரைப் பிரித்து, மேரி அனுப்பியது என்று சொல்லி வாழ்த்தை விரித்தார். நட்சத்திரம் எழுந்து நின்றது.

செங்கேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேரியின் குடிசைப் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, எங்கூட சண்டையா இன்னா? வாயத் தொறந்து பேசாம கடுதாசி போட்டுக்கினு கீற?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் வேதாசலமும் சிரித்துவிட்டார்.

மேரி வேதக்காரிதான். ஆனால் மாரியாத்தாளைக் கும்பிடுகிற வீடுகளையும் விடவில்லை. பெயரோடு வழியையும் எழுதியிருந்தாள். 'முனியன், கிணற்றுக்கு நேர் எதிர்.' 'மார்த்தாள், ஜெபக்கூடத்துக்குப் பின்னால், முருங்கை மர வீடு.' ஒரு இடத்திலும் அவர் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

முனியன் கட்டிலை வெளியே போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். வேதாசலம் உட்காரவில்லை. பையை மட்டும் அதன்மேல் வைத்து, மிச்சமிருந்த கவர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டார்.

கடைசிக் கவர் சிட்டம்மாளுக்கு. 'கோடி வீடு, கொடுக்காப்புளி மரத்தடி.'

வாசலில் அவரைக் கண்டதும், மெழுகிக்கொண்டிருந்த கையோடு அவள் ஓடி வந்தாள்.

"ஆர்டருங்களா?"

"இல்லம்மா. மேரி அனுப்புன வாழ்த்து."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவரே அதை விரித்துக் காட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நல்லா கீதுங்க," என்றாள், மரியாதைக்கு.

அந்த ஒரு வார்த்தை அவரை என்னவோ செய்தது. திரும்பி நேராக மேரியின் குடிசைக்குப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து விரலில் காய்ந்திருந்த பசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கூலியெல்லாம் ஸ்டாம்புக்குக் கொட்டிட்டியே. எல்லாம் பக்கத்து வூடு. நடந்துபோயி கையில குடுத்தா இன்னா?"

மேரி எழுந்து நின்றாள்.

"குடுத்திருக்கலாங்க ஐயா. ஆனா நாளைக்குப் பெருமாளுக்கு ஆர்டர் வந்தா, சிட்டம்மா வூடு எதுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"