நீ தொங்குவியா?

நாற்பத்திரண்டாம் மாடி ஜன்னல் கண்ணாடி ஆட ஆரம்பித்ததிலிருந்து, படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவி குப்பம்மாளின் கட்டிலைப் பிச்சாண்டி அந்தப் பக்கமே விடவில்லை. அந்த ஜன்னல் வழியே அவள் கடலைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

அன்று வெளிச்சுவரில் ஊர்ந்து வந்த இயந்திரம் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பசை போட்டு ஒட்டியது. "முடிஞ்சுதுங்க ஐயா. இனி பயமில்ல," என்றது.

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான்," என்றார் பிச்சாண்டி. முப்பது வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர் அவர். "எங்க வேலையில முடிச்சு போட்டவன்தான் அதுல மொதல்ல தொங்கணும். நீ தொங்குவியா?"

"மெஷின்கிட்டயும் வம்பா?" என்றாள் குப்பம்மாள்.

இயந்திரம் தன் இடுப்புக் கயிற்றைக் கழற்றியது. சுவரைப் பற்றியிருந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஊன்றி, தன் மொத்தக் கனத்தோடும் பின்னால் சாய்ந்து தொங்கியது. விழுந்தால் தூள்தான். கண்ணாடி இம்மியும் அசையவில்லை.

"போதும்டா! கயித்த மாட்டு!" என்று கத்தினார் பிச்சாண்டி. அது மாட்டிக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டார். "தொழில்காரன்டா நீ."

பிறகு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து, கண்ணாடியில் முட்டும்வரை இழுத்தார்.