பூஜையில் ஒளிந்த புத்தகம்

சாருமதியின் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகம் இருந்தது. கம்ப்யூட்டர் மொழி ஒன்றின் கட்டளைகளெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். புரோகிராம் எழுதும்போது சந்தேகம் வந்தால் அவள் அதைத்தான் புரட்டுவாள். அதனால் அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் காபிக் கறை.

"ஏண்டா பொடியா, பஜ்ஜி மடிச்ச காகிதம் மாதிரி இருக்கியே!" என்று சிரித்தது அலமாரியிலிருந்த தடிப் புத்தகம்.

பாவம், சின்னதுக்கு மனசு விட்டுப்போயிற்று. சரஸ்வதி பூஜைக்கு அவள் புத்தகங்களை அடுக்கியபோது, "என்னையும் சேர்த்துக்குங்கண்ணே" என்று கெஞ்சி, தடியின் தாள்களுக்குள் நுழைந்துகொண்டது. சந்தன வாசனையில் அப்படியே சொக்கிப்போனது.

சாயங்காலம் போன் வந்தது. சாருமதி எழுதிக்கொடுத்த புரோகிராம் ஒரு ரத்த வங்கியில் பாதியில் நின்றுவிட்டதாம். "ஐயோ, என் குட்டிப் புத்தகம் எங்கே?" என்று மேசையெல்லாம் தேடினாள்.

"அண்ணே, என்னைத்தான் தேடறா! கொஞ்சம் விடுங்க!"

"பூஜையில வச்சா நாளைக்குத்தான் எடுக்கணும். பேசாம இருடா."

அவள் கட்டளையைத் தப்புத்தப்பாய் அடித்துப் பார்த்தாள். கடைசியில் போனிலேயே தேடிக் கண்டுபிடித்தாள். அதற்குள் இரண்டு மணிநேரம் போய்விட்டது.

விஜயதசமி காலையில் தடிப் புத்தகத்தை விரித்தவள் சின்னதைக் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ இங்கேயா இருந்தே? இனிமே போன்லயே பார்த்துக்கறேன். சாமிகிட்ட இருந்த உன்னைக் கசக்க வேணாம்."

அதைக் கண்ணாடி அலமாரிக்குள் நிற்க வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"பார்த்தியா, எவ்வளவு மரியாதை!" என்றது தடி.

சின்னது அழுதுகொண்டிருந்தது.