முப்பது பேராளர்கள்

"தத்துவ மாநாடாம்! மலை உச்சியிலே, மூணு நாளாம்!"

காலைப் பிரட்டில் பேர் கொடுக்க வாளியோடு வரிசையில் நின்ற ரப்பர் பால்மரத் தொழிலாளர்கள் முன்னால் மாயாண்டி குரலை உயர்த்தினார். வெள்ளைக்காரன் காலத்திலேயே இரண்டு வேலைநிறுத்தம் நடத்திச் சிறைக்குப் போய் வந்தவர். துண்டறிக்கை படித்தே அரசியல் கற்றவர்.

"சயாமிலே ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான். போனவன் ஒருத்தன் திரும்பல. இந்த நேரத்திலே ஆத்மா எங்கே இருக்குன்னு தேடப் போறாங்களாம்!"

சிரிப்பு எழுந்தது.

கோலா பிலா பக்கத்து மலை பங்களாவில் மாநாடு கூட்டியவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், வேதாந்தப் பித்து. ஜப்பான் அதிகாரியிடம் அனுமதி முத்திரை வாங்கி, தோட்டத்திலிருந்து முப்பது பேரைப் பேராளர்களாக எழுதியிருந்தார்.

முப்பதும் திடகாத்திரமான இளவட்டங்கள். நாலு எழுத்து படித்த மாயாண்டியின் பெயர் மட்டும் இல்லை.

"கைநாட்டு வைக்கிற முனியாண்டி பேராளராம்லா! எதுக்கு? பெரிய மனுசங்களுக்கு நாற்காலி தூக்க!"

"மூணு நாள் சோறு கிடைக்கும்ணே. போயிட்டு வரட்டுமே," என்றாள் முனியாண்டியின் மனைவி பஞ்சாலை.

"சோத்துக்கு மானத்தை விக்கச் சொல்றியா, தாயி?"

அவள் கூட்டத்துக்குள் நகர்ந்துவிட்டாள்.

மலைக்குப் போக லாரி தயாராக நின்றது. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். கூடவே தமிழ் தெரிந்த துபாஷி. கிராணி வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார்.

"தம்பிமார், கெதியா வெளிக்கிடுங்கோ!"

யாரும் அசையவில்லை.

"மாயாண்டி, இஞ்சால வாரும். உம்மோட தனியா ஒரு சொல்லுக் கதைக்க வேணும்."

"தனியாப் பேசுறதெல்லாம் காட்டிக்கொடுக்கிற பேச்சு. எதுவானாலும் எல்லார் காதிலும் விழச் சொல்லுங்க, கிராணியாரே!"

கிராணி துபாஷியைத் திரும்பிப் பார்த்தார்.

"தத்துவம்... மெத்த நல்லது," என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முப்பது பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கிராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தனி ஆளாக லாரியில் ஏறினார்.

இத்தனை வருஷப் போராட்டத்தில் இவ்வளவு சுத்தமான வெற்றி மாயாண்டிக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை அதே இடத்துக்கு மூன்று ராணுவ லாரிகள் வந்தன. வந்திறங்கிய அதிகாரி, சயாமுக்குப் போகவேண்டியவர்களின் பட்டியலை விரித்தான். கிராணியின் ஆபீசுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்ட பட்டியல்.

"முனியாண்டி!"

பஞ்சாலை அலறினாள்.

மாநாட்டுக்கு எழுதியிருந்த அதே முப்பது பேர். மாயாண்டியின் பெயர் இதிலும் இல்லை.